காற்றுத் திருகாணியைத் தொடாத மெக்கானிக்

போன மாதம் எங்கள் ஹாஸ்டல் மெஸ் பாய்லருக்கு பர்னர் (எண்ணெயைத் தெளித்து எரிக்கும் பகுதி) சர்வீஸ் செய்தோம். செய்தவர்கள் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர். கடைப் பெயரை இங்கே போடவில்லை. "எழுதறதுன்னா எழுதிக்கோங்க ஐயா, பேரு மட்டும் போட்றாதீங்க. இருக்கிற வேலைக்கே ஓட முடியறதில்லைங்க" என்று மூத்தவர் சொல்லிவிட்டார். அதனால் பெயரை விட்டு வேலையைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் யாராவது பர்னரைத் திறக்க வந்தால், ஆள் எப்படி என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பீளமேடு பக்கம் ஒரு மில்லில் 27 வருடம் பாய்லர் ஹவுஸ். செகண்ட் கிளாஸ் அட்டெண்டன்ட் சர்டிபிகேட் இன்னும் பீரோவில் இருக்கிறது. அங்கே ஓடியது ஃபர்னஸ் ஆயில் என்ற கெட்டி எண்ணெய். ரிட்டையரானபின் இந்தக் கல்லூரி ஹாஸ்டலில் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே இருப்பது சின்னது: மணிக்கு 150 கிலோ ஸ்டீம் தரும் காயில் பாய்லர், டீசலில் ஓடுகிறது. பர்னர் மேலே உட்கார்ந்திருக்கும், தீ கீழ்நோக்கி அடிக்கும், சுற்றிலும் காயில், அதாவது தண்ணீர் ஓடும் சுருள் குழாய். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோவைத் தொட்டால் தானே நின்றுவிடும். அமெரிக்கக் கணக்கில் 15 பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ ஒரு கிலோ) வரை ஸ்டீம் கொடுப்பதுதான் லோ பிரஷர். நம் ஊரில் அவ்வளவு கறார் கிடையாது, இட்லி வேகிற பாய்லர் எல்லாமே லோ பிரஷர்தான். 900 பிள்ளைகளுக்கு இட்லி, சாதம், சாம்பார் எல்லாம் இதன் தலையில்தான்.

பொங்கல் லீவு முடிந்து மெஸ் திறந்ததிலிருந்து புகை. காலை நாலு மணிக்கு ஸ்டார்ட் செய்தால் முதல் பத்து நிமிஷம் கன்னங்கரேலென்று வரும். அப்புறம் சாம்பல் நிறமாகும், ஆனால் நிற்காது. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மா மாடியில் வடகம் பிழிந்து காயப் போட்டிருந்தார். எள்ளு வடகம் மாதிரி ஆகிவிட்டது. முறத்தோடு ஆபீசுக்கே கொண்டு வந்து காட்டினார்.

முதலில் வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். வந்தவர் ஐந்து நிமிஷத்தில் காற்று டாம்பரின் (காற்று வரவைக் கூட்டிக் குறைக்கும் தட்டு) திருகாணியை இரண்டு சுற்று திறந்தார். எண்ணெய் தெளிக்கும் முனையான நாசிலைக் கழற்றி ஒரு குண்டூசியால் குத்தினார், வாயால் ஊதினார், மாட்டினார், காசை வாங்கிக்கொண்டு போனார். புகை கொஞ்சம் வெளுத்தது உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு 52 லிட்டர் டீசல் குடித்துக்கொண்டிருந்த பாய்லர் 58 குடிக்க ஆரம்பித்தது. மெஸ் மாஸ்டர் ஸ்டீம் பத்தவில்லை என்று புலம்பல் வேறு. நான் அன்று ஊரில் இல்லை. இருந்திருந்தால் அந்தக் குண்டூசியைப் பிடுங்கியிருப்பேன்.

இந்தக் குண்டூசிப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் வீடுகளில் இருந்த பம்ப் ஸ்டவ். அதன் ஓட்டையில் ஊசி போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் பம்ப் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் அந்தச் சூடான பித்தளைக் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். ஓட்டை வழியாக வருவது ஆவி. அதனால்தான் நீலமாக எரியும். பாய்லர் பர்னரில் அப்படிக் கிடையாது. எண்ணெய் எண்ணெயாகவே வெளியே வருகிறது, தீக்குள் போன பிறகுதான் ஆவியாகிறது. எண்ணெய் எரிகிறது என்று சொல்வது பேச்சுக்குத்தான். திரவமாக இருக்கும்வரை அது எரியாது, அதன் ஆவிதான் எரியும். ஆகவே துளி எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் ஆவி, அவ்வளவு சுத்தமான தீ. பொடியாக்குகிற வேலை முழுவதும் நாசிலுடையது. அதன் முனைக்குப் பின்னால் மயிரிழை மாதிரி சரிவான வெட்டுகள் உண்டு. எண்ணெய் அவற்றின் வழியாகச் சுழன்றுகொண்டே வந்து, முனையில் குடை விரிந்த மாதிரி சிதறும். அந்த ஓட்டை வட்டமாக, மழமழவென்று இருந்தால்தான் குடை ஒழுங்காக விரியும். குண்டூசி பட்டால் போச்சு.

சரி, அண்ணன் தம்பிக்கு வருகிறேன்.

சொன்ன நாளுக்கு ஒரு நாள் தாமதமாக வந்தார்கள். போன் செய்து சொல்லவில்லை. இதற்கு ஒரு மதிப்பெண் பிடித்தம். ஆனால் வந்ததும் மூத்தவர் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்துப்போயிற்று. திருகாணியைத் தொடவில்லை. பாய்லரை ஓட்டச் சொல்லிவிட்டு, பார்வைக் கண்ணாடி வழியாகத் தீயை ரொம்ப நேரம் பார்த்தார். என்னையும் கூப்பிட்டார். "ஐயா, நீங்களே பாருங்க. வெள்ளையா கண்ணு கூசுது. ஆனா ஓரத்துல மத்தாப்பு மாதிரி பொறி தெறிக்குது பாருங்க." பார்த்தேன். தீ வெள்ளையாகக் கூசினால் காற்று அதிகம் என்று அர்த்தம். நுனி சிவந்து புகையோடு சுருண்டால் காற்று போதவில்லை. பொறி தெறித்தால் துளி பெரிது. இங்கே காற்றும் அதிகம், துளியும் பெரிது. முந்தைய ஆள் புகையைக் குறைக்கக் காற்றைத் திறந்துவிட்டார். பெரிய துளிக்கு எவ்வளவு காற்று கொடுத்தாலும் அது தன் நேரத்தை எடுத்துக்கொண்டுதான் எரியும். துளியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் எரிய நாலு மடங்கு நேரம் பிடிக்கும். சின்ன பாய்லருக்குள் அதற்குக் கிடைப்பது ஒரு விநாடிகூட இல்லை.

லோ பிரஷர் பாய்லரில் இன்னொரு தொல்லையும் உண்டு. தீ ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் காயிலோ உள்ளே தண்ணீர் ஓடுவதால் ஜில்லென்று இருக்கிறது. ஜில் என்றால் தீயின் கணக்கில்தான்: 2 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் 133 டிகிரியில் கொதிக்கும், இரும்பும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் நிற்கும். பாதி எரிந்த துளி அதன் மேல் பட்டால் அங்கேயே அணைந்து கரியாக ஒட்டிக்கொள்ளும். செங்கல் சூளையில் சுவரே தணலாக இருப்பதால் தப்பித்துக்கொள்ளும் துளி, இங்கே தப்பிக்க வழியில்லை. படிந்த கரியோ சூட்டைத் தண்ணீருக்கு விடாது. 3 மில்லிமீட்டர் கரிக்கு எண்ணெய்ச் செலவு 2.5 சதவீதம் கூடும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கையேடு சொல்கிறது.

தீயைப் பார்த்த பிறகு தம்பி புகைக்குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, புகையில் எந்த வாயு எவ்வளவு என்று காட்டும் அனலைசரின் குழலைச் செருகினார். ஆக்சிஜன் 9 சதவீதம், புகைச் சூடு 310 டிகிரி, கார்பன் மோனாக்சைடு 280 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 280 பங்கு). நல்ல டீசல் பர்னரில் ஆக்சிஜன் 3, 4 சதவீதம் மிஞ்சினால் போதும். ஒரு கிலோ எண்ணெய் எரிய ஏறத்தாழ 14 கிலோ காற்று வேண்டும், மேலே ஒரு 15, 20 சதவீதம் கைக்காவலுக்கு. 9 சதவீதம் மிஞ்சுகிறது என்றால், தேவைக்கு மேல் முக்கால் பங்கு காற்றைச் சும்மா சூடாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம். ஸ்டீம் பத்தவில்லை என்ற மாஸ்டரின் புலம்பல் நியாயம்தான்.

அப்புறம் எண்ணெய் பம்ப்பில் பிரஷர் கேஜ் மாட்டினார்கள். 12 பார் காட்ட வேண்டிய இடத்தில் 7. பம்ப்புக்குள் இருக்கும் வலையைக் கழற்றினால் குழகுழவென்று பழுப்பு நிறத்தில் ஏதோ அப்பிக்கொண்டிருந்தது, வெண்டைக்காய் வழவழப்பு மாதிரி. டேங்க் அடியில் தண்ணீர் தேங்கினால் டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் இப்படிப் பாசி மாதிரி பிடிக்கும். மழைக்காலத்தில் நான் டேங்க் அடியில் வடித்துவிட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். இது என் தப்பு, மெக்கானிக்குகள் தப்பல்ல.

கடைசியாக நாசில். மூத்தவர் தன் பெட்டியிலிருந்து நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பது போன்ற பூதக்கண்ணாடியை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஓட்டை வட்டமாக இல்லை. முட்டை வடிவம், ஒரு பக்கம் கீறல். "குண்டூசி போட்டாங்களா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "நாசிலை ஊதித் துடைக்கலாம், மிஞ்சிப் போனா மரக்குச்சி. அதுக்கும் மேல போனா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாத்திக்கணும்ங்க." ஒருவழியாகக் கணக்கு புரிந்தது. ஓட்டை பெரிதாகி, அழுத்தம் குறைந்து, எண்ணெய் வருகிற அளவு கிட்டத்தட்ட பழையபடியே. ஆனால் பொடியாக வர வேண்டியது பெரிய துளியாக வந்திருக்கிறது. அளவைப் பார்த்தால் தெரியாது, தீயைப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே ஒரு சறுக்கல். பழைய நாசிலில் 2.50 கேலன் (மணிக்கு வரும் எண்ணெய்), 60 டிகிரி என்று பொறித்திருந்தது. அவர்கள் கையில் 2.50 இருந்தது, ஆனால் 80 டிகிரி. "இன்னிக்கு ஓட்டிப் பார்ப்போம்ங்க" என்று மாட்டினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. டிகிரி என்பது குடை எவ்வளவு விரிகிறது என்ற அளவு. குண்டான, அகலமான அடுப்புக்கு 80 சரி. எங்கள் காயில் ஒடுக்கமானது. ஓட்டிய ஐந்தாவது நிமிஷம் தீ காயிலைத் தொட்டது. புகை பழையபடி. மூத்தவர் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்து, "இல்லைங்க, இது ஆகாது" என்று உடனே நிறுத்தினார். சால்ஜாப்பு சொல்லவில்லை. அன்று மத்தியானம் கேஸ் அடுப்பில் சாதம் வடித்தோம். மறுநாள் 60 டிகிரி நாசில் வந்தது. வண்டியில் ஏறுமுன் போனில் மாடல் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. இதற்கு இன்னொரு மதிப்பெண் பிடித்தம்.

நாசில் வராத அந்த மத்தியானம் டீ குடித்துக்கொண்டே நான் மில் கதையை ஆரம்பித்துவிட்டேன். தம்பிக்கு ஃபர்னஸ் ஆயில் பாய்லர் அதிகம் பழக்கமில்லை. டீசல் தண்ணீர் மாதிரி ஓடும், அப்படியே தெளிக்கலாம். ஃபர்னஸ் ஆயில் வெல்லப்பாகு. நடுத்தர ரகமே 50 டிகிரியில் 180 சென்டிஸ்டோக் (எண்ணெய் எவ்வளவு கெட்டி என்ற அளவு) வரை போகும். டேங்கில் கொஞ்சம் சூடாக்கினால்தான் பம்ப் இழுக்கும், பர்னர் முனைக்கு வரும்போது 105 டிகிரி பக்கம் இருந்தால்தான் பொடியாகும். மார்கழி விடியற்காலையில் எங்கள் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒருமுறை சாக, எண்ணெய் 80 டிகிரியில் வந்துகொண்டிருந்தது. பார்வைத் துளைக்குள் தீபாவளி. சூட்டைக் கூட்டினால் நல்லதுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினாலும் வம்பு. ஹீட்டருக்குள்ளேயே எண்ணெய் கருகி ஒட்டும், தீ விட்டுவிட்டுத் துடிக்கும். பாய்லரை நிறுத்தும் முன் பத்து நிமிஷம் டீசலில் ஓட்டி லைனைக் கழுவிவிட்டுத்தான் நிறுத்துவோம். இல்லாவிட்டால் மறுநாள் லைன் முழுக்கத் தார்.

அதில் கந்தகம் வேறு. ஃபர்னஸ் ஆயிலில் அது சில சதவீதம் வரை இருக்கும். சூட்டை மிச்சப்படுத்துகிறேன் என்று புகையை ரொம்பக் குளிரவிட்டால் அது கந்தக அமிலமாக வடிந்து சிம்னி அடியைத் தின்றுவிடும். 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் ஃபர்னஸ் ஆயிலுக்குத் தடை போட்டது சும்மா இல்லை. இப்போது பங்கில் வரும் டீசலில் கந்தகம் 2020 ஏப்ரலிலிருந்து பத்து லட்சத்தில் 10 பங்குதான். அந்த விஷயத்தில் மெஸ் பாய்லர் அதிர்ஷ்டக்காரன். தம்பி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு போண்டா மூன்று சாப்பிட்டார். கேட்டாரா, போண்டாவுக்காக உட்கார்ந்திருந்தாரா தெரியாது.

மறுநாள் 60 டிகிரி நாசில் ஏறியது. ஸ்பார்க் அடிக்கும் எலக்ட்ரோட் முனைகளைத் துடைத்து, நடுவில் 3 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார்கள். காயிலில் பிரஷ் போட்டுக் கரி எடுத்தார்கள். முக்கால் சாக்கு வந்தது. தீயைக் கண்காணிக்கும் போட்டோசெல் கரிபிடித்துக் குருடாக இருந்தது, பனியன் துணியால் துடைத்தார்கள். அதன் பிறகுதான், வந்து ஒன்றரை நாள் கழித்து, மூத்தவர் காற்றுத் திருகாணியில் கை வைத்தார். அனலைசரைப் பார்த்துக்கொண்டே கால் சுற்று மூடுவார், நிற்பார், பார்ப்பார். கடைசியில் ஆக்சிஜன் 4.5, சூடு 225, மோனாக்சைடு 20க்குக் கீழ். நான் 3.5 வரை இறக்கலாமே என்றேன். "கோடையில காத்து லேசாயிரும்ங்க, ஃபேன் அதே அளவுதான் தள்ளும். இப்பவே இறுக்கிட்டா சித்திரையில புகையும்." சரியான பதில். 27 வருடம் பார்த்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

தீ இப்போது நல்ல எலுமிச்சம்பழ மஞ்சளில், நுனி ஆடாமல் நிற்கிறது. வெள்ளைத் தாளில் புகையை இழுத்துப் பார்க்கும் கைப்பம்பு வைத்திருக்கிறார்கள். முதல் நாள் தாள் மை கொட்டிய மாதிரி இருந்தது, பூஜ்யம் முதல் 9 வரை உள்ள அளவில் 7. கடைசி நாள் 1. இரண்டு தாளையும் வாங்கி ரெஜிஸ்டரில் ஒட்டிவிட்டேன்.

மெஸ் பையன்களுக்குத் தம்பி எடுத்த பாடத்துக்குத் தனியாக ஒரு சபாஷ். பர்னர் ஸ்டார்ட் ஆகும்போது முதலில் ஃபேன் மட்டும் ஓடி உள்ளே இருக்கும் எண்ணெய் ஆவியை வெளியேற்றும். அப்புறம் ஸ்பார்க். அப்புறம் 'டக்' என்று வால்வு திறந்து எண்ணெய் விழும். சில விநாடிக்குள் போட்டோசெல் தீயைப் பார்க்காவிட்டால் லாக்அவுட், அதாவது பர்னர் தானே நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்ய சிவப்பு பட்டன். நம் பையன்கள் சிவப்பு பட்டனைக் காலிங் பெல் மாதிரி அழுத்துவார்கள். போன வருடம் ஒருவன் ஆறு தடவை அழுத்தினான். ஆறு தடவையும் எரியாத டீசல் உள்ளே விழுந்து, சூட்டில் ஆவியாகிக் காத்திருந்தது. ஏழாவது தடவை ஸ்பார்க் பட்டதும் 'தொம்'. புகைக்குழாய் இணைப்பு கழன்று உளுந்து அரைத்த பாத்திரத்தில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தம்பி சிவப்பு பட்டனுக்கு மேல் மார்க்கரால் "ஒரு தடவை. அப்புறம் ஐயாவைக் கூப்பிடு" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். நான் சொன்னால் கேட்காதவர்கள் அந்த எழுத்துக்குப் பயப்படுகிறார்கள்.

செலவு: மொத்தம் 6,800 ரூபாய். இரண்டு நாள் கூலி, நாசில், பம்ப் வலை, காயில் கிளீனிங் எல்லாம் அதில் அடக்கம். 80 டிகிரி நாசிலுக்குக் காசு வாங்கவில்லை. முந்தைய ஆள் 700 ரூபாய்தான் வாங்கினார் என்று அக்கவுண்ட்ஸில் முணுமுணுத்தார்கள். கணக்கு போட்டுக் காட்டினேன். தினம் 58 லிட்டர் போனது இப்போது 50. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு 736 ரூபாய் மிச்சம். பத்து நாளில் பில் காசு திரும்பிவிட்டது. மெஸ் நிரம்பி ஓடிய நாட்களின் சராசரி இது. சனி ஞாயிறு சேர்க்கவில்லை.

குறைகளும் உண்டு. டேங்க் அடியைச் சுத்தம் செய்வது எங்கள் வேலை இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பாசி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தும் அதை விட்டுவிட்டுப் போவது பாதி வைத்தியம். காயிலுக்கு உள்பக்கம் உப்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை, கேட்டால் "அது தண்ணி ஆளுங்க வேலைங்க" என்றார்கள். ஜி.எஸ்.டி. பில் வர ஒன்பது நாள், நாலு போன். அனலைசர் கொடுக்கும் ரசீதுத் தாள் சூட்டில் எழுத்து விழும் தாள், நாளாக நாளாக வெளுத்துவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

பத்துக்கு எட்டு கொடுக்கலாம். இரண்டு ஏன் போயிற்று என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

டேங்கை நானும் வாட்ச்மேனும் போன ஞாயிற்றுக்கிழமை வடித்தோம். முதல் இரண்டு குடம் தண்ணீர், மூன்றாவதில்தான் டீசல் நிறம் வந்தது. அதே நேரம் பக்கத்து வீட்டு மாடியில் அந்த அம்மா மறுபடியும் பாய் விரித்துக்கொண்டிருந்தார். எங்கள் சிம்னியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பாயை இந்தப் பக்கச் சுவரிலிருந்து நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு பிழிய உட்கார்ந்தார்.